பாதியில் நின்ற திமிங்கலம்

பீங் என்று காதைத் துளைக்கிற மாதிரி ஒரு சத்தம். ஏழாம் வகுப்புக்குள் நீந்திக்கொண்டிருந்த நீலத் திமிங்கலம் அப்படியே நின்றுபோனது. வால் ஜன்னலுக்கு வெளியே, தலை கரும்பலகைக்குள், வயிறு மூன்றாம் பெஞ்சுக்கு மேலே.

சுடலைமணி எழுந்து நின்று அதன் வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினான். அவன் விரல்கள் வெளிச்சத்துக்குள் போய் வெளியே வந்தன.

"செத்துட்டு, டீச்சர்."

"கைய எடுல" என்றாள் எப்சிபா டீச்சர். அவள் கண் சுவரில் இருந்தது. அங்கே எழுத்துகள் வந்துகொண்டிருந்தன.

'இந்த வகுப்பிலிருந்து இந்தப் பருவத்தில் புதிய சந்தேகம் எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி மணியோடு இணைப்பு நிறுத்தப்படும். அதுவரை படங்கள் கிடையாது. கைமொழி மட்டும் தொடரும்.'

சுவரின் ஓரத்தில் ஒளியாலான ஒரு பெண் இதையே விரல்களால் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கையக்கா. டீச்சர் பேசுவதைக் கையால் காட்டுவாள். முதல் பெஞ்சில் இருக்கும் அனிஸ்டா கையால் சொல்வதை வாயால் பேசுவாள். அனிஸ்டாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

கையக்கா சொல்லி முடித்தபோது அனிஸ்டாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நின்றுபோன திமிங்கலத்தின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளையடித்த வகுப்புச் சுவர்தான். எதிரே உத்தரத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு பெட்டி தொங்கியது. அந்தப் பெட்டி 'ஊற்று' என்ற பொது வலையோடு பேசும். ஊற்றை எந்தக் கம்பெனியும் நடத்தவில்லை. உலகம் முழுக்க, விஷயம் தெரிந்தவர்கள் தெரிந்ததைப் போட்டார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தத் திமிங்கலம் நார்வேயில் ஒரு மீனவர் கடலுக்கடியில் படமெடுத்தது. போன வாரம் வகுப்புக்கு வந்த இதயம் பிரேசிலில் ஒரு நர்ஸ் செய்தது. பிரேயர் மணிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்து, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று பொறுக்கி, வெட்டி ஒட்டித் தன் பிள்ளைகளுக்குத் தகுந்த மாதிரி பாடம் செய்வது எப்சிபாவுக்கு ரொம்பப் பிடித்த வேலை. சும்மா எடுத்துக்கொண்டிருக்கவும் மாட்டாள். உப்பளத்தில் உப்பு விளைவதைப் பற்றி அவள் போட்ட பாடத்தை மங்கோலியாவில் பார்த்துவிட்டு நன்றி சொல்லியிருந்தார்கள். கடல் இல்லாத நாடு. எப்சிபா அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் தலைமையாசிரியர் சுயம்புலிங்கத்தின் அறையில் அனிஸ்டாவின் அம்மா மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்ததால் பாதத்தில் வெள்ளை பூத்திருந்தது.

"இலவசம்னு சொன்னீயளே சார்."

"துட்டு வேண்டாம்மா அதுக்கு. சந்தேகந்தான் வேணும்" என்றார் சுயம்புலிங்கம். "நீங்க சொல்லுங்க டீச்சர், எனக்கு வெளங்க வைக்க வராது."

எப்சிபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பதில் எவ்வளவு வேணும்னாலும் அது தானே செஞ்சுக்கும்மா. ஒரு காலத்துல கேள்வியையும் அதையே செய்யச் சொன்னாங்க. அதுவே கேட்டு, அதுவே பதில் சொல்லி, கொஞ்ச நாள்ல எல்லாம் ஒரே மாதிரி ஆயிட்டு. மழமழன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. அப்புறந்தான் தெரிஞ்சது, பிள்ளைங்களுக்கு வருதுல்லா சந்தேகம், அதுதான் அதுக்குச் சாப்பாடுன்னு. அதனால ஒவ்வொரு வகுப்பும் பருவத்துக்கு ஒண்ணு குடுக்கணும். உலகத்துல யாருமே கேக்காத சந்தேகமா இருக்கணும்."

"ஒண்ணுதானே. எம்பிள்ள கேள்வி கேட்டே என் உசுர வாங்குமே."

"ஆரம்பத்துல நாங்களும் அப்படித்தான் நெனச்சோம்."

ஆரம்பத்தில் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை நாட்டில் எத்தனை பிள்ளைகள். நிலா ஏன் கூடவே வருகிறது என்பதில் தொடங்கி, எறும்புக்குக் கொட்டாவி வருமா என்பது வரை எல்லாவற்றையும் எங்கோ யாரோ கேட்டு முடித்திருந்தார்கள். ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பதில் சொல்வதற்கு முன்னால் சுவர் ஒரு கணக்குச் சொல்லும். 'உனக்கு முன் இதை நாற்பது லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள்.' நீ தனியாக இல்லை என்று ஆறுதலாகச் சொல்வதற்காகத்தான் அதை வைத்தார்களாம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி பட்டது. நாற்பது லட்சம் பேருக்கும் தெரிந்தது எனக்குத்தான் தெரியவில்லை. கணக்கைக் கேட்டவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிறகு எழுந்திருக்கவில்லை.

"சுவர் இல்லன்னா இல்லாம போட்டும்" என்றாள் மரியபுஷ்பம். "நாங்கள்லாம் சுவரப் பாத்தா படிச்சோம்?"

சுயம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். "அனிஸ்டா மாதிரி பிள்ளைங்க சாதாரணப் பள்ளிக்கூடத்துல இருக்கணும்னா, ஒண்ணு கைமொழி தெரிஞ்ச டீச்சர் இருக்கணும், இல்ல கையக்கா இருக்கணும். ஆபீஸ்ல அதுதான் சட்டம். கைமொழி டீச்சர் கேட்டு எழுதி எழுதி எனக்குக் கை வலிச்சதுதான் மிச்சம். சனிக்கிழமைக்கு மேல அவள வெளி மாவட்டத்துக்கு, விடுதி இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுவாங்க."

மரியபுஷ்பம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அவ அப்பா கடலுக்குப் போயிருவாவ. அது என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் சார் ஒறங்கும். இருட்டுல பேசணும்னா உள்ளங்கைலதான் எழுதும். அங்க யார் கைல எழுதும்?"

"நான் ஏற்பாடு பண்றேன், நீங்க போங்கம்மா" என்றார் சுயம்புலிங்கம். நல்ல மனுஷர். சொன்னால் செய்வார். என்ன செய்வார் என்பதுதான் எப்சிபாவுக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் செய்த ஏற்பாடு பச்சை அட்டை போட்டு வந்து சேர்ந்தது. 'யாரும் கேட்காத கேள்விகள். ஏழாம் வகுப்பு. முக்கிய வினாக்களுக்கு நட்சத்திரக் குறி.' டவுனில் ஒரு கைடு கம்பெனி போட்டது. காலை முழுக்கப் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள். மதியம் வரிசையாக எழுந்து ஒப்பித்தார்கள்.

"நத்தைக்குத் தலைவலி வந்தால் ஓட்டுக்குள் வலிக்குமா, வெளியே வலிக்குமா?"

'இன்று காலை முதல் உங்கள் மாவட்டத்திலிருந்து மட்டும் இது நூற்றுக்கணக்கான முறை வந்திருக்கிறது' என்றது சுவர்.

நட்சத்திரக் குறி போட்டவை இன்னும் மோசம்.

"நம்ம பேர்ல தப்பில்ல டீச்சர்" என்றார் சுயம்புலிங்கம், வேர்வையைத் துடைத்தபடி. "மத்த ஸ்கூல்காரனுவ முந்திக்கிட்டானுவ. அடுத்த பதிப்பு வரும்போது நாம மொத ஆளா வாங்கிருவோம்."

"சார், அச்சடிச்ச அன்னைக்கே அது பழசு சார்."

"அப்படியும் சொல்லலாம்" என்று யோசித்தார் அவர். "அப்ப அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே வாங்க முடியுமான்னு விசாரிக்கேன்."

புதன்கிழமை எப்சிபா கைடை மேஜைக்குள் போட்டுவிட்டு, என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சுடலைமணி எழுந்தான்.

"எச்செம் சார் மீசை ஏன் டீச்சர் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா இருக்கு?"

'தலைமையாசிரியர்களின் மீசை பற்றிய சந்தேகங்கள் ஏற்கெனவே ஏராளமாக உள்ளன' என்றது சுவர்.

வகுப்பு சிரித்தது. அனிஸ்டாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எப்சிபா சாக்பீஸ் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அடுத்த வாரம் அந்த இடம் காலியாக இருக்கும்.

வியாழக்கிழமை மூன்றாம் பீரியடில் கரண்ட் போனது.

எப்சிபா அப்போது கரும்பலகையில் திமிங்கலம் வரைந்துகொண்டிருந்தாள். "ஒரு திமிங்கலம் சத்தம் கொடுத்தா இன்னொரு திமிங்கலத்துக்கு ரொம்பத் தூரத்துல கேக்கும், தண்ணிக்குள்ள சத்தம் வேகமா போகும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்டுச் சுவரைப் பார்த்தாள். கையக்கா இல்லை. பதறிப்போய் அனிஸ்டாவிடம் திரும்பினாள்.

அனிஸ்டா டீச்சரைப் பார்க்கவே இல்லை. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று பெஞ்சு தள்ளிச் சுடலைமணி இரண்டு கையையும் துடுப்பாக்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அனிஸ்டாவின் பக்கத்தில் உட்காரும் பேச்சி, அவனை ஒரு தட்டுத் தட்டுவதுபோலக் காற்றில் கையை வீசிவிட்டு, டீச்சர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை விரலால் சொல்ல ஆரம்பித்தாள். பின் பெஞ்சில் இரண்டு பேர் கையாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முழுக்கக் கைகள். சத்தமே இல்லாமல் சந்தைக்கடை.

"என்ன நடக்குது இங்க?"

அத்தனை கையும் டெஸ்க்குக்குக் கீழே போயின.

"பேச்சி, எந்திரி."

பேச்சி எழுந்தாள். "கையக்காவப் பாத்துப் பாத்துப் பழகிட்டோம் டீச்சர்."

"எப்பருந்து?"

"ஆறாங்கிளாஸ்லருந்து. மொதல்ல அனிஸ்டாட்ட பேசத்தான். பெறவு சத்தம் இல்லாம பேசலாம்லான்னு எல்லாரும் படிச்சுக்கிட்டாவ. எச்செம் சார்கூட வராந்தால நின்னுக்கிட்டு, என்னா ஒழுக்கமான கிளாஸுன்னு சொன்னாவ."

பெட்டி அனிஸ்டாவின் கைகளை மட்டுந்தான் கவனிக்கும். அவள் வீட்டில் மட்டுந்தான் அதற்குச் சம்மதம் வாங்கியிருந்தது. அதுவும் அவள் சுவரைப் பார்த்துப் பேசினால்தான். மற்ற பிள்ளைகளின் கை அதன் கணக்கில் வராது. டீச்சரின் கணக்கிலும் வரவில்லை என்று எப்சிபா நினைத்துக்கொண்டாள்.

"கையால என்ன பேசுவீங்க?"

"எல்லாந்தான் டீச்சர். வீட்டுக் கதை, சினிமா. சந்தேகமுங் கேட்டுக்கிடுவோம்."

"சந்தேகமா?" எப்சிபாவின் குரல் மாறியது. "ஏன்டி, நான் மூணு நாளா தலைகீழா நின்னு கேக்கேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"சுவர்ட்ட கேட்டா எத்தன லட்சம்னு எண்ணிச் சொல்லும். கைல கேட்டா யாரும் எண்ண மாட்டாவல்லா டீச்சர்."

எப்சிபா மேஜையில் சாய்ந்து நின்றாள். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை.

"எனக்கு என்ன சைகை வச்சிருக்கீங்க?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடலைமணி கழுத்தை வலப்பக்கம் ஒடித்துச் சுவரைப் பார்க்கிற மாதிரி நின்றான். அச்சாக எப்சிபா டீச்சர். வகுப்பு வெடித்துச் சிரித்தது. எப்சிபாவும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

மாலை மணி அடித்ததும் அவள் பேச்சியை வாசலில் மறித்தாள்.

"எனக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்குடு. நாளைக்கு வேணும்."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பிள்ளைகள் கையில் வைத்திருந்த சந்தேகங்களையெல்லாம் சுவரிடம் கொட்டினார்கள். இந்த முறை வெட்கப்படவில்லை. உப்பு மழையில் நனைந்தால் கடலுக்கே திரும்பப் போய்விடுமா? கனவில் வருகிற ஆட்களுக்கு நம்மைத் தெரியுமா? சுவர் ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொன்னது. ஒன்றே ஒன்று மட்டும் கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது. போர்ச்சுகலில் ஒரு பையன் போன மாதம்தான் கேட்டிருந்தான். வகுப்பே அவனைத் திட்டியது.

கடைசி பீரியடில் சுயம்புலிங்கம் வாசலில் வந்து நின்றார். கையில் அனிஸ்டாவின் மாற்றுச் சான்றிதழுக்கான தாள் இருந்தது. அதை யாருக்கும் தெரியாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பேச்சி அனிஸ்டாவைப் பார்த்தாள். விரலால் என்னவோ சொன்னாள். அனிஸ்டா தலையாட்டி மறுத்தாள். பேச்சி மறுபடியும் சொன்னாள். மறுபடியும் மறுப்பு. பேச்சியின் கண் கலங்கிவிட்டது.

"என்ன பேச்சி?"

"ஒண்ணு இருக்கு டீச்சர். நல்ல சந்தேகம். யாரும் கேட்டிருக்க மாட்டாவ. ஆனா அது இவளுது. சொல்ல வேண்டாங்கா."

"நீ சொல்லிரு, போதும்" என்று உள்ளே வந்தார் சுயம்புலிங்கம். "யார் சொன்னா என்ன? மணி அடிக்கப் போவுது."

"என்னால முடியாது சார். எங்கிட்ட மட்டுந்தான் கேட்டா."

"அவள ஊரவிட்டு அனுப்பணுமா? அதான் ஒனக்கு வேணுமா?"

பேச்சி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை. அனிஸ்டா அவர்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விடுங்க சார்" என்றாள் எப்சிபா. "அவ சந்தேகம். அவளாக் குடுத்தாத்தான்."

அவள் நடந்துபோய் முதல் பெஞ்சின் முன்னால் மண்டியிட்டாள். அனிஸ்டாவுக்கும் சுவருக்கும் நடுவே. கையக்கா இப்போது அனிஸ்டாவுக்குத் தெரியவில்லை. டீச்சரின் முகம் மட்டுந்தான் தெரிந்தது.

எப்சிபா கையைத் தூக்கினாள். அனிஸ்டாவைச் சுட்டினாள். வாசலைக் காட்டினாள். விரல்களைக் குவித்து, விரித்து, ஆட்டினாள்.

வகுப்பு கூரை பறக்கச் சிரித்தது.

"டீச்சர்" என்றான் சுடலைமணி, மூச்சுவிட முடியாமல். "நீ கதவத் தின்னாதன்னு சொல்லிட்டீங்க."

எப்சிபாவுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் கையை இறக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறையும் கதவைத் தின்னக் கூடாது என்றுதான் வந்தது.

அனிஸ்டா சிரிக்கவில்லை. டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டைவிரலை மடக்கினாள். சுண்டுவிரலை நிமிர்த்தினாள். உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பினாள். மெதுவாக, இன்னொரு முறை செய்யச் சொன்னாள். எப்சிபா செய்தாள்.

நீ போகாதே.

அனிஸ்டா பெஞ்சைவிட்டு எழுந்தாள். டீச்சரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுவருக்கு நேராக நின்றாள். அவள் கைகள் அசையத் தொடங்கின. கையக்காவின் குரல் அவளுக்காகப் பேசியது.

"எனக்கு மின்னல் வருகிறது. அதற்குப் பின்னால் இடி வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் வந்து முடிந்துவிட்டது என்று பேச்சி ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். எனக்கு வர வேண்டிய இடி மட்டும் இன்னும் வரவில்லை. அது இப்போது எங்கே இருக்கிறது?"

சுவர் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. சுயம்புலிங்கம் சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தார்.

'இந்தச் சந்தேகத்தை இதற்கு முன் யாரும் கேட்கவில்லை' என்றது சுவர். 'நன்றி, அனிஸ்டா.'

மூன்றாம் பெஞ்சுக்கு மேலே நீல வெளிச்சம் பரவியது. திமிங்கலம் வாலை ஒரு முறை அடித்துவிட்டு நகர ஆரம்பித்தது. பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். சுயம்புலிங்கம் ஏறிக் குதிக்கிற வயதில்லாததால் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, பைக்குள் இருந்த தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்தார். சுவர் இடியைப் பற்றித் தன்னுடைய பதிலைச் சொல்லத் தொடங்கியிருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. கடைசி மணி அடித்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

எப்சிபா அனிஸ்டாவைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச்சியைக் கூப்பிட்டாள்.

"இவ்வளவு நல்ல சந்தேகத்தக் கைல வச்சுக்கிட்டு, ஏன் திங்கக்கிழமையே கேக்கல? ஹாஸ்டலுக்கு அனுப்பிருவாங்கன்னு தெரியுந்தானே? கேளு அவகிட்ட."

பேச்சி கேட்டாள். அனிஸ்டா சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பேச்சிக்கு மட்டும் தெரிகிற மாதிரி பதில் சொன்னாள். சின்னப் பதில்தான். பேச்சி டீச்சரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், சடை ரிப்பன் நுனியை விரலில் சுற்றினாள்.

"பரவால்ல, சொல்லு."

"சுவர் நின்னுட்டுன்னா, நீங்க இவகிட்ட கையால பேசப் படிச்சுக்கிடுவீங்கன்னு நெனச்சாளாம், டீச்சர்."